சம்பளமும் இல்லை, கடையும் இல்லை: ஃப்ரீலான்ஸ், டெலிவரி வேலை செய்வோருக்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது?

காரைக்குடியில் இருந்துகொண்டு சிறு தொழில் செய்கிறவர்களுக்குக் கணக்கு எழுதி, வரித் தாக்கல் செய்து கொடுப்பது என் வேலை. கணக்கைக் காட்ட வருகிறவர்களில் டெலிவரி ஓட்டுகிறவர்கள், கல்யாண போட்டோ எடுக்கிறவர்கள், வீட்டிலிருந்து டிசைன், மொழிபெயர்ப்பு, கோடிங் செய்கிறவர்கள் இப்போது அதிகம். எல்லாரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. வழக்கு என்று இறங்கும் நிலை வந்தால் காகிதங்களை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

1. நான் சாப்பாடு டெலிவரி ஓட்டுறேன், தம்பி வீட்டுல உக்காந்து டிசைன் பண்றான். ரெண்டு பேருக்கும் ஒரே சட்டமா?

பெயரளவில் ஒன்று, நடைமுறையில் இரண்டு. முதலாளி, தொழிலாளி என்ற வழக்கமான உறவுக்கு வெளியே வேலை செய்து சம்பாதிக்கிற எவரும் கிக் தொழிலாளர் என்று 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. அந்த வரையறைக்குள் நீங்களும் வருவீர்கள், தம்பியும் வருவார்.

ஆனால் அந்தச் சட்டம் சொல்லும் நலத்திட்டங்களுக்குப் பணம் வருவது ஆப் நடத்தும் நிறுவனங்களிடமிருந்து. அதனால் பலன் முதலில் உங்களைப் போல ஆப்பில் ஓடுகிறவர்களுக்குத்தான். நேராக கிளையன்டிடம் வேலை வாங்கும் தம்பிக்குக் கைகொடுப்பது தொழிலாளர் சட்டம் அல்ல. ஒப்பந்தச் சட்டமும் சிறு, குறு தொழில்களுக்கான சட்டமும்தான் அவருக்குப் பலம். 2 முதல் 4 வரையிலான கேள்விகளும் 16-உம் 18-உம் உங்களுக்கு. 6-லிருந்து மற்றவை பெரும்பாலும் தம்பிக்கு.

2. அப்போ மினிமம் வேஜ், பி.எஃப்., போனஸ் எதுவுமே எனக்குக் கிடையாதா?

பொதுவாகக் கிடையாது. அவையெல்லாம் ஊழியர் என்ற தகுதி உள்ளவர்களுக்கு. உங்களை 'பார்ட்னர்' என்று அழைப்பதன் பின்னால் இருக்கும் கணக்கே இதுதான். ஆனால் காகிதத்தில் 'பார்ட்னர்', 'கன்சல்டன்ட்' என்று எழுதிவிட்டால் மட்டும் ஒருவர் ஊழியர் இல்லை என்று ஆகிவிடாது. அதைக் கேள்வி 17-இல் சொல்கிறேன்.

3. புதுத் தொழிலாளர் சட்டம் வந்துருச்சுன்னு செய்தியில சொன்னாங்களே, அதுல எனக்கு என்ன?

29 பழைய சட்டங்களை நாலு தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் 114-ஆம் பிரிவுதான் உங்களுக்கானது. ஆயுள், ஊனக் காப்பீடு, விபத்துக் காப்பீடு, மருத்துவம், மகப்பேறு, முதுமைக் காலப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு அரசு திட்டம் வகுக்கலாம் என்கிறது. இதற்காக ஆப் நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை கட்ட வேண்டும். அந்தத் தொகை தொழிலாளர்களுக்குக் கொடுப்பதில் 5 சதவீதத்தைத் தாண்டாது.

சட்டம் திட்டத்துக்கு வழிதான் போட்டிருக்கிறது. திட்டம் அறிவிக்கப்பட்டு, அதில் உங்கள் பெயர் பதிவாகியிருந்தால்தான் ரூபாயாகக் கைக்கு வரும். ஒரு டெலிவரிக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்பதைப் பற்றி அந்தப் பிரிவு எதுவும் பேசவில்லை. 'இனி எல்லாருக்கும் பி.எஃப்.' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி இருக்க வேண்டாம்.

4. இ-ஷ்ரம் கார்டு வச்சிருக்கேன். அதுவும் வாரியக் கார்டும் ஒண்ணுதானே?

இல்லை. இதில்தான் நிறையப் பேர் ஏமாந்து நிற்கிறார்கள். இ-ஷ்ரம் என்பது ஒன்றிய அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய பதிவேடு. அதில் பதிந்தால் 12 இலக்க எண் கிடைக்கும். ஆப் மூலம் வேலை செய்கிறவர்களை இதில் பதிந்து, அடையாள அட்டையும் ஆயுஷ்மான் பாரத் மருத்துவ வசதியும் தருவதாக 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவித்தார்கள்.

வாரியம் தமிழ்நாடு அரசுடையது. ஆப் மூலம் வேலை செய்கிறவர்களுக்குத் தனி நலவாரியம் அமைக்கப்படும் என்று 2023 சுதந்திர தின உரையில் முதல்வர் அறிவித்தார், அதே ஆண்டிலேயே வாரியம் அமைந்தது. 2025 மார்ச் பட்ஜெட்டில் இரண்டு விஷயங்கள் வந்தன. வாரியத்தில் பதிந்தவர்களில் 2,000 பேருக்குப் புது இ-ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம், சுமார் 1.5 லட்சம் பேருக்கு விபத்து மரணத்துக்கும் ஊனத்துக்கும் குழுக் காப்பீடு. இ-ஷ்ரம், வாரியம் இரண்டிலும் பதிந்துகொள்ளுங்கள். ஒன்று இருந்தால் இன்னொன்று கிடைக்காது என்று எதுவும் இல்லை.

வாரியப் பதிவை இணையத்திலேயே செய்யலாம். சிக்கல் வந்தால் மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்துக்குப் போகலாம். ஆதார், வங்கிப் புத்தகம், ரேஷன் கார்டு, ஆப்பில் உங்கள் ஐடி தெரியும் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். செட்டிநாடு என்று நாம் ஒரே ஊர்போலப் பேசினாலும் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் எல்லாம் சிவகங்கை மாவட்டம். ராயவரம், அரிமளம் பக்கம் புதுக்கோட்டை மாவட்டம். ஆதாரில் உள்ள முகவரியைப் பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

5. நான் எந்த ஆப்புலயும் இல்லை. கல்யாண வீடுகளுக்குச் சமையலுக்குப் போறேன். எனக்கு வாரியம் இல்லையா?

இருக்கிறது. 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் பல வாரியங்கள் இருக்கின்றன. சமையல், தையல், கைத்தறி, கட்டுமானம், வீட்டுவேலை என்று தொழிலுக்கு ஒரு வாரியம். சமையல் மாஸ்டரோடு போகும் கைவேலைக்காரர்கள், கண்டாங்கிச் சேலை நெய்கிறவர்கள், ஆத்தங்குடிக் கல் பதிக்கிறவர்கள் ஆகியோர் இவற்றில் ஏதோ ஒன்றுக்குள் வந்துவிடுவார்கள். பிள்ளைகள் படிப்பு, திருமணம், மகப்பேறு, விபத்து, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் போன்ற உதவிகள் உண்டு. பதிவைக் காலத்தில் புதுப்பிக்காமல் விட்டுவிட்டு, தேவை வந்தபோது ஓடுகிறவர்களே அதிகம்.

6. வாட்ஸ்அப்ல பேசி முடிச்சதுதான், அக்ரிமெண்ட் எதுவும் போடலை. அது செல்லுமா அக்கா?

செல்லும். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சே ஒப்பந்தமாகலாம். முத்திரைத் தாள் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாட்ஸ்அப், மின்னஞ்சல், குரல் பதிவு எல்லாம் சாட்சியமாகும். 2023-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழை மட்டும் இணைக்க வேண்டும். ஆகவே போனை மாற்றும்போது பழைய உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

இருந்தாலும் செல்லுமா என்பது ஒன்று, நிரூபிக்க முடியுமா என்பது வேறு. 'நல்லா பண்ணிக் குடுங்க தம்பி, பாத்துக்கலாம்' என்ற செய்தியை வைத்துக்கொண்டு எந்த நீதிபதியும் தொகை கணக்கிட முடியாது. நம் பக்கம் பெரும்பாலான வேலை தெரிந்தவர் வழியாக வருகிறது. முகதாட்சண்யத்துக்காக யாரும் எழுதிக் கேட்பதில்லை. நகரத்தார் வீடுகளில் கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அதை யாரும் அவநம்பிக்கை என்று சொல்வதில்லையே. நாற்பதாயிரம் ரூபாய் வேலைக்கு நாலு வரி எழுதுவதில் என்ன கூச்சம்?

அந்த நாலு வரியில் இவை இருந்தால் போதும்: என்ன வேலை, எத்தனை முறை திருத்தம், மொத்தத் தொகையும் முன்பணமும், எந்தத் தேதிக்குள் மீதி, பாதியில் நிறுத்தினால் எவ்வளவு. அனுப்பிவிட்டு 'சரியா? உறுதி செய்யுங்கள்' என்று கேளுங்கள். 'ஓகே' என்று ஒரு பதில் வந்தால் அதுவே உங்கள் ஒப்பந்தம்.

7. வேலையைக் கொடுத்து நாலு மாசம் ஆச்சு. இத்தனை நாளுக்குள்ள பணம் கொடுக்கணும்னு சட்டம் எதுவும் இருக்கா?

இருக்கிறது. ஃப்ரீலான்ஸ் செய்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான சட்டம் என்று நான் நினைப்பது இதைத்தான்: 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம். பதிவு பெற்ற குறு அல்லது சிறு தொழிலிடம் சேவை பெற்றவர், தேதி எதுவும் பேசிக்கொள்ளாவிட்டால் 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும். பேசிக்கொண்டிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. '90 நாள் கழித்துத்தான் தருவோம்' என்று அவர்கள் காகிதத்தில் போட்டிருந்தாலும் 45-தான்.

தவறினால் வட்டி. ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டியாக. வங்கி விகிதம் 5.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 16.5 சதவீதம். 40,000 ரூபாயை ஒரு வருடம் இழுத்தடித்தால் வட்டி மட்டும் 7,100-க்கு மேல் போகும். வட்டிக் கணக்கு தெரியாத ஊரா இது? பில்லின் கீழே இந்தச் சட்டத்தின் 15, 16-ஆம் பிரிவுகளைக் குறிப்பிட்டு ஒரு வரி போட்டு அனுப்புங்கள். கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு அது புரியும். குறித்த காலத்துக்குள் கொடுக்காத தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட வருமான வரிச் சட்டமும் அவர்களை விடுவதில்லை.

'வேலை பிடிக்கலை' என்ற சாக்கு வருமா என்று அடுத்துக் கேட்பீர்கள். குறை இருந்தால் பெற்ற 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். நாலு மாதம் கழித்து வரும் அதிருப்திக்கு அவ்வளவு மதிப்பு இல்லை.

8. அந்தப் பதிவு ஃபேக்டரி வச்சிருக்கிறவங்களுக்குத்தானே? நான் ஒரு லேப்டாப் மட்டும் வச்சிருக்கேன்.

லேப்டாப் போதும். உத்யம் பதிவு சேவைத் தொழில்களுக்கும் உண்டு. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரசு இணையதளத்தில் நீங்களே பதியலாம், கட்டணம் இல்லை. சான்றிதழ் எடுத்துத் தருகிறேன் என்று இரண்டாயிரம், மூவாயிரம் கேட்கும் போன் வந்தால் வைத்துவிடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: பொருள் வாங்கி விற்கும் வியாபாரம் என்று பதிந்தால் கேள்வி 7-இல் சொன்ன பாதுகாப்பு கிடைக்காது. நீங்கள் செய்யும் சேவைக்கு உரிய குறியீட்டைத் தேர்ந்தெடுங்கள்.

9. பணம் நின்னு போச்சு, இப்போ பதிவு பண்ணிட்டு கேஸ் போடலாமா?

இதில் சறுக்கல் உண்டு. பதிவுக்கு முன்னால் செய்த வேலைக்கு இந்தச் சட்டத்தின் பலன் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2021-இலும் 2022-இலும் சொல்லியிருக்கிறது. 2025-இல் இன்னொரு அமர்வு வேறு விதமாகப் பார்த்து, பெரிய அமர்வுக்கு அனுப்பியது. இந்த இழுபறிக்குள் நீங்கள் ஏன் போய் மாட்டிக்கொள்ள வேண்டும்? அடுத்த வேலைக்கு முன்னால் பதிந்துவிடுங்கள். பழைய பாக்கிக்கு வழக்கமான வழிகள் இருக்கின்றன, அவை கேள்வி 11-லும் 13-லும்.

10. கம்பெனி பெங்களூர்ல, நான் பள்ளத்தூர்ல. கேஸுக்கு அங்க அலையணுமா?

வேண்டாம். கேள்வி 7-இல் சொன்ன சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த இடம்தான். நீங்கள் இருக்கும் மாநிலத்தின் வசதி மன்றத்தில் மனு போடலாம், எதிரி இந்தியாவில் எங்கே இருந்தாலும் சரி. மனுவை இணையம் வழியாகவே போடலாம். மன்றம் முதலில் சமரசம் பேசும், முடியாவிட்டால் நடுவராகத் தீர்ப்புச் சொல்லும். தீர்ப்பை எதிர்த்துக் கம்பெனி கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதற்கு மேலும் இழுக்கும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பல இடங்களில் மன்றத்தின் நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததுமே பணம் வந்துவிடுகிறது.

'எல்லா வழக்கும் பெங்களூர் நீதிமன்றத்தில் மட்டுமே' என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் சாதாரண சிவில் வழக்குக்கு அது உங்களைக் கட்டும். இந்த மன்றத்துக்குப் போவதை அது தடுக்காது.

11. செக் கொடுத்தாங்க, பவுன்ஸ் ஆயிருச்சு.

ஒரு விதத்தில் இது உங்களுக்கு நல்லது, ஏனென்றால் இது கிரிமினல் வழக்கு. ஆனால் தேதிகள் கறார். செக்கில் உள்ள தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட்டிருக்க வேண்டும். திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தராவிட்டால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். 'அடுத்த வாரம் போட்டுக்கலாம் தம்பி' என்று அவர் பேசிக்கொண்டே இருப்பது இந்த 30 நாளைக் கடத்தத்தான்.

2015-இல் வந்த திருத்தப்படி, நீங்கள் கணக்கு வைத்திருக்கும் கிளை எங்கேயோ அங்கே வழக்கு. கணக்கு காரைக்குடிக் கிளையில் இருந்தால் காரைக்குடியில், தேவகோட்டைக் கிளையில் இருந்தால் தேவகோட்டையில்.

12. போலீஸ்ல ஒரு கம்ப்ளெயின்ட் கொடுத்தா உடனே கொடுத்துருவாங்கல்ல?

பெரும்பாலும் 'இது சிவில் விவகாரம்' என்று திருப்பி அனுப்புவார்கள். சட்டப்படி அது சரியும்கூட. பணம் தராமல் இருப்பது மட்டும் மோசடி ஆகாது. ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் மோசடி. பொய்யான கம்பெனிப் பெயர், போலியாகத் தயாரித்த பணப் பரிமாற்ற ரசீது, ஒரே ஆள் பத்துப் பேரிடம் அதே மாதிரி வேலை வாங்கிவிட்டு எண்ணை மாற்றியது, இப்படி ஏதாவது இருந்தால் புகார் நிற்கும்.

13. ரெண்டு வருஷத்துக்கு முந்தின பாக்கி. இன்னும் கேக்கலாமா?

கேட்கலாம். காலவரையறைச் சட்டப்படி 3 வருடம் இருக்கிறது. கொடுக்கத் தேதி எதுவும் குறிக்காவிட்டால் வேலை முடிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். இதற்கிடையில் அவர் 'ஆமாம், இவ்வளவு தர வேண்டும்' என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து புதிதாக 3 வருடம் தொடங்கும். ஒரு பகுதித் தொகையை வங்கி வழியாகக் கொடுத்தாலும் அப்படியே. அதனால் 'இப்போதைக்கு ஐந்தாயிரமாவது போடுங்கள்' என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, பிறகு சிவில் வழக்கு. வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. வழக்குப் போடும் முன்பே லோக் அதாலத்துக்குக் கொண்டுபோகலாம். கட்டணம் இல்லை, அங்கே எழுதும் சமரசத்துக்கு மேல்முறையீடும் இல்லை.

14. கல்யாண போட்டோவை நான்தான் எடுத்தேன். என் பேஜ்ல போட்டா பொண்ணு வீட்டுல சண்டைக்கு வர்றாங்க. போட்டோ என்னோடதுதானே?

உங்கள் கை எடுத்தது, ஆனால் சட்டப்படி அவர்களுடையது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பொதுவாக ஆக்கியவரையே முதல் உரிமையாளர் என்கிறது. ஆனால் பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன போட்டோ, வரையச் சொன்ன ஓவியம், எடுக்கச் சொன்ன வீடியோ ஆகியவற்றுக்கு விதிவிலக்கு வைத்திருக்கிறது. வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், சொன்னவரே உரிமையாளர். ஆகவே முன்பணம் வாங்கும்போதே '20 படங்களை என் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்வேன்' என்று கேள்வி 6-இல் சொன்ன நாலு வரியோடு ஐந்தாவது வரியாகச் சேர்த்துவிடுங்கள். அனுமதி வாங்கியிருந்தாலும் முகம் தெரியும் படத்தை எடுக்கச் சொல்லிப் பெண் கேட்டால் எடுத்துவிடுவதுதான் மரியாதை என்பது என் கட்சி.

யாரும் சொல்லாமல் நீங்களாகவே எடுத்த கானாடுகாத்தான் வீதிப் படங்கள், வீட்டு முகப்புப் படங்கள் உங்களுடையவை. வீட்டுக்குள்ளே போய் வணிகத்துக்காகப் படமெடுப்பது வேறு சமாச்சாரம். நம் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவும் பங்காளிகளுக்குப் பொது. சாவி வைத்திருக்கும் ஒருவர் 'எடுத்துக்கங்க' என்று சொன்னதை நம்பி முழு நாள் ஷூட்டிங் வைத்து, மலேசியாவில் இருக்கும் இன்னொரு பங்காளியிடமிருந்து நோட்டீஸ் வாங்கினால் செலவு உங்கள் தலையில்தான் விழும். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், மற்ற பங்காளிகள் சார்பிலும் தருகிறேன் என்று அதில் ஒரு வரி இருக்கட்டும்.

15. அப்போ நான் எழுதின கோடு, மொழிபெயர்ப்பு, லோகோவும் கிளையன்டுக்குத்தானா?

எழுத்தும் மொழிபெயர்ப்பும் கோடும் மேலே சொன்ன விதிவிலக்கில் இல்லை. நீங்கள் சம்பள ஊழியராக இல்லாதவரை முதல் உரிமை உங்களுக்கே. கிளையன்டுக்குப் போக வேண்டுமானால் நீங்கள் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். அதில் காலம் குறிக்காவிட்டால் 5 வருடம், இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். லோகோ வரைகலை என்பதால் வாதத்துக்கு இடம் உண்டு, எழுதிவைத்துவிடுங்கள்.

'முழுத் தொகையும் வந்த பிறகே உரிமை மாறும்' என்ற ஒரு வரி பில்லில் இருந்தால், பணம் தராமல் உங்கள் வேலையைப் பயன்படுத்துகிறவர் பதிப்புரிமையை மீறுகிறவர் ஆகிவிடுவார். பாக்கி கேட்பதைவிட இது பல சமயம் வேகமாக வேலை செய்யும்.

16. காலையில பாத்தா ஐடி பிளாக். காரணமும் சொல்லலை. என்ன பண்றது?

உண்மையைச் சொன்னால், இந்த இடத்தில் தமிழ்நாட்டில் நம் கை பலவீனம். கர்நாடகம் 2025-இல் கொண்டுவந்த சட்டத்தில், நீக்குவதற்கு முன் எழுத்தில் காரணம் சொல்லி 14 நாள் அவகாசம் தர வேண்டும் என்று இருக்கிறது. ராஜஸ்தான் 2023-இலேயே இத்தகைய தொழிலாளர்களுக்குத் தனிச் சட்டம் போட்டது. நமக்கு நலவாரியம் இருக்கிறது, ஆனால் ஐடியை மீட்டுத் தரும் அதிகாரம் அதற்கு இல்லை.

அதனால் செய்யக்கூடியது இவ்வளவுதான். ஆப்பின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சலில் காரணம் கேளுங்கள், வெறும் சாட்டில் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அதுவரை ஓட்டிய தொகையைத் தனியாகக் கேளுங்கள், ஏனென்றால் ஐடியை நிறுத்த உரிமை இருந்தாலும் செய்த வேலைக்கான காசை நிறுத்தி வைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. வாராந்திரக் கணக்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கும் பழக்கம் இருந்தால் இப்போது உதவும். பிளாக் ஆன பிறகு ஆப் திறக்காது. தொழிற்சங்கத்தில் சேருவதற்கு யாருக்கும் தடையில்லை. பத்துப் பேர் சேர்ந்து கேட்கும்போது வரும் பதிலே வேறு.

17. ஆஃபர் லெட்டர்ல 'கன்சல்டன்ட்'னு இருக்கு. ஆனா தினமும் 9 மணிக்கு லாகின், லீவுக்கு அனுமதி, வேற வேலை பாக்கக் கூடாது. நான் ஊழியரா இல்லையா?

பெயர்ப்பலகையைப் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்வதில்லை. வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று யார் சொல்கிறார்கள், கருவி யாருடையது, நேரத்தை யார் குறிக்கிறார்கள், உங்களுக்குப் பதில் வேறு ஆளை அனுப்ப முடியுமா என்பதையெல்லாம் பார்க்கும். 1973-இல் ஒரு தையற்கடை வழக்கில், உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கினாலும் கடையின் மெஷினில், கடைக்காரர் மேற்பார்வையில் தைத்தவர்கள் ஊழியர்களே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அளவுகோலில் பார்த்தால் நீங்கள் சொல்வது ஊழியர் வேலை மாதிரிதான் தெரிகிறது. டெலிவரித் தொழிலாளர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று 2021-இலேயே ஒரு சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது.

வேலையில் இருந்துகொண்டே இதைக் கிளப்புவது எளிதல்ல, எனக்கும் தெரியும். ஆனால் லாகின் பதிவு, லீவு மறுத்த மின்னஞ்சல் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். இன்னொன்று: கன்சல்டன்ட் என்றால் பணம் தரும்போதே பொதுவாக 10 சதவீதத்தை வரியாக (டி.டி.எஸ்.) பிடிப்பார்கள். உங்கள் வரி அதைவிடக் குறைவாக இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து மீதியைத் திரும்ப வாங்கலாம். வரி வரம்புக்குள் வரவில்லை என்று தாக்கல் செய்யாமல் விட்டு, பிடித்த பணத்தையும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

18. ஓட்டும்போது வண்டி மோதிருச்சு. ஆப் கம்பெனி பொறுப்பு இல்லையா?

ஊழியர்களுக்கான இழப்பீட்டுச் சட்டம் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது (கேள்வி 2). ஆனால் எதிர் வண்டி மேல் தவறு இருந்தால் அதன் காப்பீட்டு நிறுவனத்திடம் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கலாம், நீங்கள் குடியிருக்கும் ஊர் எல்லைக்குள்ளேயே கேட்கலாம். 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைக்குப் போங்கள். ஆப்பின் விபத்துக் காப்பீடும் வாரியக் காப்பீடும் இருந்தால் உடனே தகவல் கொடுங்கள்.

உங்கள் வண்டியின் பாலிசி சொந்த உபயோகத்துக்கு என்றிருந்தால், டெலிவரி நேரத்தில் ஏற்பட்ட சேதத்துக்கு அவர்கள் மறுக்கலாம். பாலிசி எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீட்டில் 2 லட்சம் வரை உண்டு. இந்த 20 ரூபாயைக் கூடக் கட்டாதவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை.

19. ஒரு வீட்டுக்கு பிரைடல் மேக்கப் போடப் போனேன். அங்க ஒருத்தர் தப்பா நடந்துக்கிட்டார். எனக்கு ஆஃபீஸும் இல்லை, கமிட்டியும் இல்லை. யார்கிட்ட சொல்றது?

மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர்ப் புகார் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் சொல்கிறது. நிறுவனத்தில் குழு இல்லாதவர்களுக்காகத்தான் அது. வேலைக்காகப் போன இடமும் அந்தச் சட்டப்படி பணியிடமே, வீடும் அதில் அடங்கும். 3 மாதத்துக்குள் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாகப் புகார் கொடுங்கள். அதைச் செய்வதால் போலீஸ் புகார் கொடுக்கும் உரிமை போய்விடாது. அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181.

20. டேட்டா என்ட்ரி வேலைன்னு ஆன்லைன்ல கையெழுத்து வாங்கினாங்க. இப்போ தப்பு இருக்கு, ஒப்பந்தத்தை மீறிட்டீங்க, 48,000 கட்டுங்கன்னு லீகல் நோட்டீஸ் வந்திருக்கு. பயமா இருக்கு.

பணம் கட்டாதீர்கள். முடிக்கவே முடியாத அளவு வேலையைக் கொடுத்து, பிறகு அபராதம் கேட்டு மிரட்டுவதே இவர்களின் தொழில். வாட்ஸ்அப்பில் நீதிமன்ற முத்திரையோடு வரும் காகிதம் சம்மன் ஆகாது. ஒப்பந்தம் உண்மையானது என்றே வைத்துக்கொண்டாலும், அதில் போட்ட அபராதத்தை அப்படியே வசூலிக்க ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு விடாது. நியாயமான இழப்பீடு மட்டுமே, அதையும் நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள். ஆதார் நகல் கொடுத்திருந்தால் வங்கிக் கணக்கைக் கவனித்துக்கொண்டிருங்கள்.

21. வேலையை விட்டப்புறம் 2 வருஷத்துக்கு இதே தொழில் பண்ணக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க.

ஒப்பந்தம் முடிந்த பிறகு தொழிலைத் தடுக்கும் அந்த நிபந்தனை, ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி செல்லாது. அவர்களுடைய ரகசியத்தையும் வாடிக்கையாளர் பட்டியலையும் எடுத்துக்கொண்டு போனால் அது தனி வழக்கு.

22. கிளையன்ட் சிங்கப்பூர்ல இருக்காரு, அப்பாவுக்குத் தெரிஞ்சவர்தான். அவர் பணம் தரலைனா?

இங்கே தீர்ப்பு வாங்கினாலும் அங்கே போய் வசூலிக்க வேண்டும். ஒருவர் நீதிமன்றத் தீர்ப்பை இன்னொருவர் நிறைவேற்றுவதற்காக இந்தியா அறிவித்த நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூரும் மலேசியாவும் இருந்தாலும் சிறு தொகைக்கு அந்தச் செலவு கட்டாது. கேள்வி 10-இல் சொன்ன மன்றத்தின் உத்தரவையும் வெளிநாட்டில் இருக்கிறவரிடம் நிறைவேற்றுவது கடினம். எனவே இங்கே சட்டத்தைவிட முறைதான் காப்பாற்றும். வேலையை மூன்று நாலு பகுதியாகப் பிரியுங்கள். முதல் பகுதிக்கு முன்பணம். ஒவ்வொரு பகுதிக்கும் பணம் வந்த பிறகே அடுத்தது. இறுதிக் கோப்பு கடைசித் தவணைக்குப் பிறகு, அதுவரை நீர்க்குறியிட்ட மாதிரி மட்டும். அப்பாவுக்குத் தெரிந்தவர் என்பதால் முன்பணம் கேட்கக் கூச்சமாக இருந்தால், 'எங்க ஆடிட்டர் இப்படித்தான் பில் போடச் சொல்றாங்க' என்று பழியை என் மேல் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.